வலியால் உயரும் கால்

சாதாரணக் குதிரை வேகமெடுத்தால் சேணத்தில் இருப்பவர் துள்ளித்தான் ஆகவேண்டும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உருவான ‘டென்னசி வாக்கிங் ஹார்ஸ்’ இதற்கு விலக்கு. விரைந்து போகும்போதும் அதனால் நடந்தே போக முடியும். நான்கு கால்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைத் தொடும். பின்னங்கால், முன்னங்காலின் தடத்தைத் தாண்டிப் போய் விழும். தலை அந்தத் தாளத்துக்கு ஆடும். மேலே குலுக்கல் தெரியாது. நாள் முழுக்க நிலத்தைச் சுற்றிவந்த பண்ணை முதலாளிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இத்தகைய நடைகளுக்குப் பின்னால் டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் நேர்ந்த ஒரு மாற்றம் இருப்பதாக 2012இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கால்களின் ஒத்திசைவைப் பார்த்துக்கொள்ளும் தண்டுவட நரம்புச் செல்களில் அது வேலை செய்கிறது. அதாவது, குட்டி இந்த நடையோடுதான் பிறக்கிறது. யாரும் அடித்துக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆனால் போட்டி மேடைக்கு இந்த நடை போதவில்லை. ஷெல்பிவில் ஊரில் நடக்கும், 1939இல் தொடங்கிய தேசியப் போட்டியில், காலப்போக்கில், முன்னங்காலை நெஞ்சளவுக்கு வீசித் தூக்கும் குதிரைக்கே கைதட்டலும் பரிசும் குவிந்தன. இந்த மிகை நடைக்கு ‘பிக் லிக்’ என்று பெயர். அதற்குக் குறுக்குவழி ‘சோரிங்’. குளம்புக்குச் சற்று மேலே மண்ணெண்ணெய், டீசல், கடுகெண்ணெய் போன்றவற்றைத் தடவி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி ஊறவிடுவார்கள். புண்ணான அந்த இடத்தில் பிறகு சங்கிலி மாட்டுவார்கள். ஒவ்வோர் அடிக்கும் சங்கிலி புண்ணில் இடிக்கும். சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடப்பவரைப் போல, காலை வைத்தவுடன் குதிரை வெடுக்கென்று தூக்கும். குளம்பின் அடியில் கனத்த அடுக்குகளை ஆணியடித்துப் பொருத்துவதும் உண்டு. அடிக்குளம்பை உயிர்ச்சதை வரை சீவிவிட்டு, அதன்மேல் லாடத்தை இறுக்குபவர்களும் இருக்கிறார்கள்.

செனட்டர் ஜோசப் டைடிங்ஸின் முயற்சியால் 1970இலேயே குதிரைப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. புண்படுத்தப்பட்ட குதிரையைப் போட்டிக்குக் கொண்டுவருவது குற்றம். ஆனால் 6 அவுன்ஸ், அதாவது சுமார் 170 கிராம் வரையிலான சங்கிலிக்கும் அடுக்குகளுக்கும் விதிகள் இடம் கொடுத்தன. 1976 திருத்தத்துக்குப் பிறகு, போட்டி நடத்துபவர்களே சோதனையாளரை அமர்த்திக்கொள்ளும் வழியும் பிறந்தது. தனக்குச் சம்பளம் தருபவரின் போட்டியிலிருந்து குதிரைகளை வெளியேற்ற எத்தனை பேர் துணிவார்கள்? அமெரிக்க வேளாண் துறையின் தணிக்கையே 2010இல் இதைச் சுட்டிக்காட்டியது.

சோதனை முறை எளிது. கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்துவார்கள். வலித்தால் குதிரை காலை இழுக்கும். இதை ஏமாற்றக் கண்டுபிடித்த வழிதான் எல்லாவற்றிலும் கொடியது. கொட்டிலிலேயே போலிச் சோதனை நடத்தி, காலை இழுக்கும்போதெல்லாம் குதிரையை அடிப்பார்கள். சில நாளில் அது வலியை விழுங்கிக்கொண்டு சிலைபோல் நிற்கக் கற்றுக்கொள்ளும். மரத்துப்போகச் செய்யும் மருந்து தடவுபவர்களும் உண்டு. அதனால்தான் அரசு சோதனையாளர்கள் வெப்பப்படக் கருவியையும், தோலைத் துடைத்தெடுத்து வேதிப்பொருள் தேடும் ஆய்வையும் துணைக்குக் கொண்டுவந்தார்கள்.

2006இல் சோதனை இறுகியபோது ஷெல்பிவில்லில் அவ்வாண்டு பெரும்பட்டம் யாருக்கும் வழங்கப்படவில்லை. ரகசியக் கேமராவில் பதிவான சித்திரவதைக் காட்சிகள் 2012இல் தொலைக்காட்சியில் வெளியாகி நாட்டையே உலுக்கின. சங்கிலியையும் அடுக்கையும் அடியோடு தடைசெய்யும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2019இல் 333க்கு 96 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. செனட் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. வேளாண் துறை 2024இல் விதியாகவே தடையைக் கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வரவிருந்த தருணத்தில், 2025 ஜனவரி இறுதியில், டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது.

சட்டத்தைவிட நடுவரின் மதிப்பெண் தாளில்தான் எனக்கு நம்பிக்கை; இயல்பான நடைக்குப் பரிசு போனால் வலியூட்ட யாருக்கும் காரணம் இருக்காது. சாதாரண லாடத்தோடு, இயல்பான நடையில் பங்கேற்கும் குதிரைகளுக்கும் ஷெல்பிவில்லில் தனிப் பிரிவுகள் உள்ளன. பெரும்பட்டம் மட்டும் அடுக்குக் கட்டிய குதிரைகளுக்கு உரியதாக இருந்துவருகிறது.