திரைப்படக் கல்வி: மதுரை வட்டார மாணவர்களுக்கான படிப்புத் தேர்வு

இயக்கம், திரைக்கதை, ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவற்றைக் கற்பிக்கும் பட்ட, பட்டய, சான்றிதழ்ப் படிப்புகள் பொதுவாகத் திரைப்படக் கல்வி எனப்படுகின்றன. மதுரையிலிருந்தும், மேலூர், உசிலம்பட்டி, தேனி போன்ற சுற்றுப் பகுதிகளிலிருந்தும் தமிழ்த் திரையுலகுக்கு இயக்குநர்கள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் திரைப்படக் கல்லூரி வழியாக வந்தவர்கள் அல்லர். பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் மாணவர் எதைப் படிப்பது என்ற கேள்வியை இந்த உண்மையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

மதுரையில் உள்ள படிப்புகள்

திரைப்பட ஆர்வம் கொண்ட மாணவர்கள் முதலில் நாடுவது காட்சித் தொடர்பியல். 'விஸ்காம்' என்றால்தான் பலருக்கும் தெரியும். மதுரையில் அமெரிக்கன் கல்லூரி, சுப்பலட்சுமி லட்சுமிபதி அறிவியல் கல்லூரி உள்ளிட்ட இடங்களில் இது இளநிலைப் பட்டமாக உள்ளது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் மற்றும் மின்னணு ஊடகத் துறையில் மேற்படிப்பு உண்டு.

விஸ்காம் முழுமையான திரைப்படப் பயிற்சி அல்ல. விளம்பரம், வரைகலை, புகைப்படம், இதழியல், தொலைக்காட்சி ஆகியவற்றுடன் திரைப்படமும் அதில் ஒரு பகுதி. விளம்பர நிறுவனத்திலோ தொலைக்காட்சியிலோ வேலைக்குப் போக இந்தப் பரப்பு உதவும். இயக்குநராகவே வர வேண்டும் என்று சேருபவருக்குப் போதாமல் தோன்றலாம். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்ப்பதைவிட, ஒரு கேமரா எத்தனை மாணவர்களுக்கு, மூன்று ஆண்டுகளில் ஒருவர் எத்தனை குறும்படங்களைத் தாமே எடுத்து வெட்டி முடிக்கிறார் என்று இறுதியாண்டு மாணவர்களிடம் கேட்பது நல்லது.

கல்லூரிக்கு வெளியிலும் மதுரையில் கற்க இடம் உண்டு. 'மறுபக்கம்' அமைப்பு 1998-இல் மதுரை ஆவணப்பட, குறும்பட விழாவைத் தொடங்கியது. அதன் அமைப்பாளர் ஆர்.பி. அமுதன் மதுரையின் துப்புரவுப் பணியாளர் ஒருவரைப் பற்றி எடுத்த 'பீ' என்ற ஆவணப்படம், பெரிய பணமோ படைக்கலமோ இல்லாமல் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சான்று.

பட்டம் ஏன் தேவைப்படுகிறது

புனே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம் 1960-இல் பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் தொடங்கப்பட்டது. கொல்கத்தாவின் சத்யஜித் ராய் நிறுவனம் 1995-இல் வந்தது. மதுரைக்குப் பக்கமாக, தேனி, குமுளி வழியே போனால் எட்டும் கோட்டயம் மாவட்டத்தில் கேரள அரசின் கே.ஆர். நாராயணன் நிறுவனம் இருக்கிறது. புனேயிலும் கொல்கத்தாவிலும் இயக்கம், ஒளிப்பதிவு போன்ற முதன்மைப் பிரிவுகளில் சேர ஏதாவது ஓர் இளநிலைப் பட்டம் வேண்டும். அது விஸ்காமாக இருக்க வேண்டியதில்லை. வரலாறு, தமிழ், வணிகவியல் எதுவும் போதும்.

இது தெரியாததால் பணமும் காலமும் இழக்கும் குடும்பங்கள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பெரும் தொகை கட்டித் தனியார் சான்றிதழ்ப் படிப்பில் சேரும் மாணவர், பிறகு இந்த நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்க முயலும்போது பட்டம் இல்லை என்று நின்றுவிடுகிறார். சென்னையின் தனியார் பயிற்சி நிறுவனங்களில் தரமானவையும் உள்ளன. அவற்றைப் பட்டம் பெற்றபின் நாடுவது பாதுகாப்பானது.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் நேரடியாகச் சேரக்கூடிய முதன்மையான இடம் சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். 1945-இல் தொடங்கிய இதில் இப்போது நான்காண்டுப் பட்டப்படிப்பு நடக்கிறது. ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் இங்கு படித்தவர். 1986-இல் வெளிவந்த 'ஊமை விழிகள்' இதன் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து உருவாக்கிய படம். அரசுக் கட்டணம் என்பதால் போட்டி கடுமை, இடங்களோ சொற்பம்.

மதுரை இயக்குநர்கள் வந்த வழி

அன்றைய மதுரை மாவட்டத்து அல்லிநகரத்திலிருந்து போன பாரதிராஜா, கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகாலிடம் உதவியாளராக இருந்தவர். அமெரிக்கன் கல்லூரியில் படித்த பாலா, பாலு மகேந்திராவிடம் தொழில் கற்று 1999-இல் 'சேது'வை எடுத்தார். பாலாவிடம் அமீரும், அவர்கள் இருவரிடமும் சசிகுமாரும் பணியாற்றினார்கள். 'பருத்திவீரன்' (2007), 'சுப்ரமணியபுரம்' (2008) ஆகியவை இந்தத் தொடர்ச்சியில் வந்தவை. ஒரு வகையில் பார்த்தால் இது ஒரு குருகுலம். பாலு மகேந்திரா மட்டும் புனேயில் படித்தவர் என்பதால், மதுரைக்காரர்களிடம் வந்த அந்தக் கல்வியின் வேர் கல்லூரியிலும் இருக்கிறது.

வேறு வழிகளும் உண்டு. தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்து மென்பொருள் துறையில் வேலை பார்த்த கார்த்திக் சுப்புராஜ், 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி வழியாக 'பீட்சா'வுக்கு (2012) வந்தார். மேலூர்ப் பக்கத்து பி.எஸ். வினோத்ராஜ் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். திருப்பூரில் ஆடைத் தொழிலிலும் சென்னையில் டிவிடி கடையிலும் வேலை பார்த்தவர். அவருடைய 'கூழாங்கல்' 2021-இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது.

இவற்றைக் காட்டி 'படிப்பே வேண்டாம்' என்று சொல்லிவிட முடியாது. உதவி இயக்குநர் வாய்ப்பு அறிமுகத்தின் பேரில் கிடைப்பது. சொற்பச் சம்பளத்தில், சில சமயம் அதுவும் இல்லாமல், சாலிகிராமத்து அறை வாடகையைப் பல ஆண்டுகள் சமாளிக்க வேண்டும். தெரிந்தவர் இல்லாதவருக்கும் பெண்களுக்கும் அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. நுழைவுத் தேர்வும் இடஒதுக்கீடும் உள்ள அரசு நிறுவனத்தில் யாருடைய சிபாரிசும் தேவைப்படாது. இயக்குநர் வெற்றிமாறன் தொடங்கிய பன்னாட்டுத் திரை - பண்பாட்டு ஆய்வகம், பின்தங்கிய சூழலிலிருந்து வரும் பட்டதாரிகளுக்குப் பயிற்சி தருவதும் இந்தக் குறையை மனத்தில் வைத்துத்தான்.

திரைக்கதை எழுத விரும்புபவர்கள்

தமிழில் திரைக்கதையாசிரியர் என்ற தனித்தொழில் இன்னும் வலுப்பெறவில்லை. 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்று ஒரே பெயர் வருவது வழக்கமாகிவிட்டது. தரமணியிலும் இயக்கமும் திரைக்கதையும் ஒரே பிரிவு. புனேயில் திரைக்கதைக்கெனத் தனிப் படிப்பு உள்ளது. இலக்கியத்திலிருந்து வருபவர்களுக்கு இடம் இருக்கவே செய்கிறது: மதுரை எழுத்தாளர் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' நாவலிலிருந்தே வசந்தபாலனின் 'அரவான்' (2012) உருவானது. எழுத நினைப்பவருக்கு இலக்கியப் பட்டம் விஸ்காமைவிடக் குறைந்தது அல்ல. வாசிக்கவும் எழுதவும் அது தரும் நேரம் அதிகம். கட்டணமும் பெரும்பாலும் குறைவு.

தொழில்நுட்பப் பிரிவுகள்

ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு ஆகியவற்றில் முறையான பயிற்சிக்கு மதிப்பு அதிகம்; கருவிகளைக் கையாண்டு பழகாமல் இவற்றைக் கற்க முடியாது. தரமணியில் ஒளிப்பதிவு போன்ற பிரிவுகளுக்கு மேல்நிலை வகுப்பில் அறிவியல் பாடங்கள் கேட்கப்படுகின்றன. புனேயில் ஒலிப்பதிவுப் பிரிவுக்குப் பட்டத்துடன், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் பிரிவை எடுத்த மாணவருக்கு இந்த வாய்ப்பு அப்போதே கைநழுவிவிடுகிறது.