ஒற்றைப் புள்ளி

(‘பந்து உருண்ட பருவங்கள்’ தொடர்)

2019 மார்ச் 9, மாலை. கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை எதிர்கொள்கிறது. அதே வேளையில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவுடன் மோதுகிறது. ஐ-லீக் கால்பந்துத் தொடரின் கடைசி நாள். சென்னையிடம் 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலிடம் 39. இரண்டு ஊர்களில் இரண்டு ஆட்டங்கள், கோப்பை ஒன்றுதான்.

மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்துவிட்டார். கூட்டம் வாயடைத்துப் போனது. மினர்வா முந்தைய ஆண்டின் சாம்பியன். இந்த சீசனில் தடுமாறினாலும், எளிதில் விட்டுக்கொடுக்கிற அணியல்ல.

சென்னை சிட்டி இந்த இடத்துக்கு வந்ததே பெரிய விஷயம். முந்தைய சீசனில் பத்து அணிகளில் அதற்கு எட்டாவது இடம். அந்த அணியின் சிறந்த ஆட்டக்காரரான, குமரி மாவட்டக் கடற்கரையில் வளர்ந்த மைக்கேல் சூசைராஜும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ் அணியைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. ஸ்பெயினின் கீழ்நிலை லீகுகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் வந்தார்கள்: பெத்ரோ மான்ஸி, நெஸ்டர் கோர்டில்லோ, சாந்த்ரோ, எஸ்லாவா. அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், சூசைராஜின் சகோதரர் ரெஜின் என்று நம் ஊர்ப் பையன்கள். பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னால் ஓடுகிற ஆட்டமாக அது இல்லை. தரையோடு தரையாகச் சின்னச் சின்னப் பாஸ்களில் நகர்ந்தது. அந்த சீசனில் ஐ-லீகில் அவ்வளவு அழகாக ஆடிய அணி வேறு இல்லை என்றே சொல்வேன்.

மான்ஸி உருகுவேயில் பிறந்தவர். முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஏரோஸுக்கு எதிராக ஹாட்ரிக். சீசன் முடிவில் அவர் கணக்கில் 21 கோல்கள். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே எண்ணிக்கையைத் தொட்டார்.

கோப்பையைக் கடைசி நாள்வரை இழுத்ததும் அந்தச் சர்ச்சில்தான். மார்ச் தொடக்கத்தில் கோவாவில் வென்றிருந்தால் சென்னை அங்கேயே சாம்பியன் ஆகியிருக்கும். 2-3 எனத் தோற்றது. அதனால்தான் மார்ச் 9 மாலைக்கு அவ்வளவு கனம்.

எதிர்ப்பக்கத்தின் ஏக்கமும் சிறியதல்ல. ஈஸ்ட் பெங்கால் தேசிய லீகை வென்று பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கொல்கத்தாவில் அது ஒரு தலைமுறையின் காத்திருப்பு. கோழிக்கோட்டில் கோகுலம் முதலில் கோல் அடித்தும், ஈஸ்ட் பெங்கால் திருப்பி அடித்து 2-1 என வென்றது. அதாவது 42 புள்ளிகள். கோவையில் சமன் செய்தால் சென்னைக்கு 41தான். வென்றே ஆக வேண்டும்.

இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைத்தது. மான்ஸி தவறவிடவில்லை. கோவையே எழுந்து நின்றது. அடுத்து வந்த இரண்டு கோல்களை அடித்தவர் ஸ்பெயின்காரர் இல்லை, ஸ்ட்ரைக்கரும் இல்லை. தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா. சீசன் முழுக்க மற்றவர்களின் கோல்களைத் தடுப்பதே வேலையாக இருந்தவர், முன்னேறிப் போய் ஒன்று அடித்தார். கடைசி நிமிடங்களில் இன்னொன்று. 3-1. சென்னை 43, ஈஸ்ட் பெங்கால் 42. ஐ-லீகை வென்ற முதல் தமிழ்நாட்டு அணி.

வென்ற பின் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் மனம் ஆறவில்லை. அடுத்த சீசனிலேயே நாட்டின் முதல்நிலை லீக் என்ற இடம் ஐ-லீகிடமிருந்து இந்தியன் சூப்பர் லீகுக்கு (ஐ.எஸ்.எல்.) போனது. ஆடி வென்ற அணி, களத்தில் சறுக்காமலே இரண்டாம் படிக்கு இறங்கியது. ஆசியக் கதவு மட்டும் திறந்திருந்தது. 2020 ஜனவரியில் பஹ்ரைனுக்குப் போய், ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ரிஃபா அணியிடம் 0-1 எனத் தோற்றார்கள். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் மான்ஸியும் ஜப்பானுக்குப் புறப்பட்டார். மார்ச் 11 அன்று அகமதாபாத்தில் ஏ.எஃப்.சி. கோப்பை ஆட்டம், மாலத்தீவின் மாஸியாவுடன் 2-2 சமன். அதற்குப் பிறகு கொரோனா வந்து எல்லா மைதானங்களையும் பூட்டியது. அந்தக் கோப்பைப் போட்டி மீண்டும் தொடங்கவே இல்லை.

(தொடரும்)