தாத்தா கண்ணாடியில் ஒரு விஞ்ஞானம்

பூஜா விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன், பத்தாம் வகுப்புப் பாடத்திலுள்ள குவிலென்ஸ் படத்தை அச்சுப் பிசகாமல் வரைந்து காட்டினான். கதிர்கள், குவியம், தலைகீழ் பிம்பம் எல்லாம் சரி.

"லென்ஸைக் கையிலே பிடிச்சுப் பார்த்திருக்கியா?" என்று கேட்டேன்.

"இல்லை தாத்தா. பரீட்சையிலே படம்தானே கேட்பாங்க? அஞ்சு மார்க்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது; கூடவே கொஞ்சம் வருத்தமும். சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து வந்தேன். அதன் அடியில் ஒரு ரூபாய் நாணயத்தைத் துளி கோதுமை மாவால் ஒட்டினேன். நாணயம் விளிம்புக்குப் பின்னால் மறையும்வரை அவனை நகரச் சொன்னேன். பிறகு, "தலையை அசைக்காதே" என்று சொல்லிவிட்டு, மெதுவாகத் தண்ணீர் ஊற்றினேன்.

"காசு மேலே வருது தாத்தா!" என்று கத்தினான்.

ஒளி காற்றில் விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. வேகத்தில் செல்கிறது; தண்ணீரில் சுமார் 2¼ லட்சம் கி.மீ.தான். நீரிலிருந்து சாய்வாக வெளிவரும்போது வேகத்தோடு திசையும் மாறுகிறது. இதுவே ஒளிவிலகல். இதனால்தான் 4 அடி ஆழமுள்ள தெளிந்த குளம் மேலிருந்து பார்க்க 3 அடியாகத் தோன்றுகிறது. நீச்சல் தெரியாத பிள்ளைகளுக்கு இது மார்க்கைவிட முக்கியமான பாடம் அல்லவா?

அடுத்து, நான் பேப்பர் படிக்கும் 'பிளஸ் 2' கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். அறை விளக்கை அணைத்து, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வெள்ளைத் தாளை ஒட்டி, கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தினான். திடீரென்று எதிர்வீட்டு மாடியும் கொடியில் காயும் துணிகளும் தாளில் தலைகீழாக விழுந்தன! தூரத்தை அளந்தோம், ஏறக்குறைய 50 செ.மீ. இருந்தது. 100ஐ 2ஆல் வகுத்தால் வருவதும் அதுதான். டாக்டர் எழுதும் 'பிளஸ் 2'வின் பொருள் அவனுக்கு அன்றுதான் புரிந்தது. தன்னுடைய 'மைனஸ்' கண்ணாடியை எவ்வளவு நகர்த்தியும் பிம்பம் விழவில்லை. அது ஒளியைக் குவிக்காமல் விரிக்கும் லென்ஸ்.

"இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கே. நாம ஏன் செஞ்சு பார்க்கணும்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அதற்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது.

திருச்சி திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி.வி. ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கும் சாதாரண வகுப்புச் சோதனை ஒன்றைச் செய்தார். அளந்ததோடு அவர் விடவில்லை. ஓரத்தில் தெரிந்த ஒளிப்பட்டைகள் இருபுறமும் சமமாக இல்லாததைக் கவனித்தார். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1906இல் லண்டன் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. அப்போது வயது 18!

1907இல் நிதித்துறை வேலைக்காகக் கல்கத்தா வந்தார். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய, பவ்பஜார் தெரு 210ஆம் எண் விஞ்ஞானக் கழகத்தில், ஆபீஸுக்கு முன்னும் பின்னும் ஆராய்ச்சி செய்தார். அங்கேதான் 1928 பிப்ரவரி 28இல், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனின் துணையோடு, 'ராமன் விளைவு' உறுதியாயிற்று.

கருவிகள் என்ன? சூரிய ஒளி, தொலைநோக்கி லென்ஸ் ஒன்று, சிறிய லென்ஸ் ஒன்று, நிறக் கண்ணாடிகள், சுத்தமான திரவம், கண்! ஊதா ஒளியை மட்டும் திரவத்துக்குள் செலுத்தி, ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி வழியே பார்த்தார்கள். இருட்டாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் மங்கலாக ஓர் ஒளித்தடம் தெரிந்தது. ஒளி நிறம் மாறியிருந்தது! அதற்கே 1930இல் நோபல் பரிசு. அந்தக் கழகம் இன்று ஜாதவ்பூரில் இயங்குகிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கையில் ஒரு லென்ஸைக் கொடுங்கள். அதன் வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது என்று முதலில் எச்சரியுங்கள். பிறகு விடையை நீங்கள் சொல்லாதீர்கள், "என்ன தெரியுது?" என்று மட்டும் கேளுங்கள்.

என் பேரன் ஊருக்குத் திரும்பிவிட்டான். போகும்போது என் பழைய கண்ணாடியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.