மைசூர் அரச திருமண உடை
பட்டுச் சேலை, சரிகைப் பேட்டா
20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வழக்கு

மைசூரை ஆண்ட உடையார் குடும்பத் திருமணங்களில் மணப்பெண் சரிகைக்கரைப் பட்டு உடுத்துவாள். இடையில் ஒட்டியாணம், மேற்கையில் வங்கி, கூந்தலில் மைசூர் மல்லிகை. ஆண் விருந்தினருக்கு நீண்ட கோட்டு, சரிகை அங்கவஸ்திரம், தலையில் பேட்டா. திவான் விசுவேசுவரய்யாவின் படங்களில் காணும் தலைப்பாகை இதுவே. சரிகை விளிம்பு நெற்றிக்கு மேல் துலங்கும்படி மடிப்பு மடிப்பாகச் சுற்றுவார்கள்.

சேலையைச் சற்றுக் குனிந்து பாருங்கள். உடலில் பூவேலை கிடையாது. கரையிலும் முந்தானையிலும்தான் சரிகை. இதன் அழகெல்லாம் நூலில் இருக்கிறது. வலமும் இடமுமாக இறுக முறுக்கிய பட்டிழைகளை மாற்றி மாற்றி ஊடையில் ஓட்டுவதால் துணியில் நுண்ணிய நெளிவு விழுகிறது. காஞ்சிப் பட்டு விறைப்பாக நிற்கும். மைசூர் பட்டு உடலோடு ஒழுகும்.

1897இல் இளவரசி ஜெயலட்சம்மண்ணியின் திருமணத்தின்போது மைசூரின் பழைய மர அரண்மனை எரிந்துபோனது. அதனால் 1900இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார், கத்தியவாரைச் சேர்ந்த பிரதாப குமாரியை மணந்த விழா ஜகன்மோகன் அரண்மனையில் நடந்தது. 1912இல் அவரது ஆட்சியில் மைசூரில் அரசுப் பட்டு நெசவாலை தொடங்கியது.

மைசூர் பட்டுத் தொழிலில் பெங்களூருக்கும் பங்குண்டு. 1890களில் ஜாம்ஷெட்ஜி டாடா பசவனகுடியில் ஜப்பானிய முறையில் பட்டுப் பண்ணை அமைத்தார். அந்த இடத்துக்கு இன்றும் 'டாடா சில்க் ஃபார்ம்' என்றே பெயர்.

மைசூர் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. அரண்மனைக்கென நெய்த இந்தத் துணியை இப்போது கர்நாடகத்தின் சாதாரண வீட்டுக் கல்யாணங்களிலும் பார்க்கலாம்.