கிழவர் கையில் இருந்தது வெறும் லைட்டர்! ஊமைத் தெருவை வாய் திறக்க வைத்த கதை

துப்பாக்கியை எடுக்கிறார் என்று நினைத்து ரவுடிகள் சுட்டுத் தள்ளினார்கள். கிழவர் மல்லாந்து விழுந்தார். விரிந்த கையில் இருந்தது சிகரெட் லைட்டர்!

2008-ல் வெளிவந்த "கிரான் டொரினோ" என்ற அமெரிக்கப் படத்தின் உச்சகட்டம் இது. டைரக்ட் செய்து, கிழவராகவும் நடித்தவர் கிளின்ட் ஈஸ்ட்வுட். அப்போது அவருக்கு வயது 78.

கதை விவரம் வருமாறு:-

டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலண்ட் பார்க். ஹென்றி போர்டு கார் தொழிற்சாலை நடத்திய ஊர். வால்ட் கோவல்ஸ்கி போர்டு கம்பெனியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். கொரியா யுத்தத்தில் சண்டை போட்டவர். மனைவி போய்விட்டாள். மகன்களோடு ஒட்டுதல் இல்லை. மிச்சம் ஒரு நாய், 1972-ம் வருஷத்து கிரான் டொரினோ கார்.

பக்கத்து வீட்டு ஹ்மாங் குடும்பத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. வாயைத் திறந்தால் வசவு!

யார் இந்த ஹ்மாங் மக்கள்? லாவோஸ் நாட்டு மலைவாசிகள். வியட்னாம் யுத்த காலத்தில் அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.வுக்காகச் சண்டை போட்டவர்கள் இவர்களில் பலர். 1975-ல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும், மீகாங் நதியைத் தாண்டி தாய்லாந்து முகாம்களுக்கு ஓடினார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்கு அகதிகளாகப் போனார்கள்.

கார் திருட வந்த பையன்

அந்த வீட்டுப் பையன் தாவ். ரவுடிக் கும்பல் தூண்டிவிட, கிழவரின் காரைத் திருட வந்து மாட்டிக்கொண்டான். செய்த தப்புக்கு ஈடாக அவரிடமே வேலை செய்ய அனுப்பினார்கள் வீட்டார். திட்டிக்கொண்டே தொழில் கற்றுக்கொடுத்தார் கிழவர். கட்டிட வேலையும் வாங்கித் தந்தார். பையனின் அக்காள் சூ, கிழவரை விருந்துக்கு இழுத்துப் போனாள். அந்த வீட்டுச் சாப்பாடு அவருக்குப் பிடித்துப்போனது.

கும்பல் சும்மா விடுமா? பையன் கன்னத்தில் சிகரெட்டால் சுட்டது. பதிலுக்கு ஒருவனை கிழவர் புரட்டி எடுத்தார். வந்தது வினை! வீட்டைச் சல்லடையாகச் சுட்டார்கள். சூவைத் தூக்கிப்போய் பலாத்காரம் செய்தார்கள்.

"நமக்கேன் வம்பு?"

போலீஸ் வந்தது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சொன்னால், நாளைக்கு அதே ரவுடி அதே தெருவில் வந்து நிற்பானே! சாட்சி இல்லாத கேஸ் நிற்காது என்பது கும்பலுக்கும் தெரியும்.

கிழவருக்கும் தெரியும். பழிவாங்கத் துடித்த பையனை உள்ளே வைத்துப் பூட்டினார். ஆயுதம் இல்லாமல் தனியாகப் போனார். ரவுடிகள் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டார். அக்கம்பக்கத்து ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. அதற்குப் பிறகுதான் சட்டைக்குள் கையை விட்டார்.

தெருவே பார்த்த கொலை. இந்த முறை சாட்சி கிடைத்தது. கும்பல் கம்பி எண்ணப் போனது. கார், உயில்படி பையனுக்கு!

படத்தின் மீது புகாரும் உண்டு. தாவாக நடித்த பீ வாங், 2021-ல் தன் மனக்குறையைச் சொன்னார். ஆசியர்களைத் திட்டும் வசவுகளுக்கு தியேட்டரில் எழுந்த சிரிப்பு அவரை உறுத்தியதாம்.

ஒரு தெரு வாய் திறக்க ஓர் உயிர் போகவேண்டி இருந்தது. முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால், கிழவர் இன்னும் கொஞ்ச காலம் வாசலில் உட்கார்ந்து எல்லோரையும் திட்டிக்கொண்டு இருந்திருப்பார்!