இரவல் காரில் பந்தயம்!

இரவல் காரில் உங்களை அழைத்துப் போகும் வீட்டுக்காரர், அதே காரைப் பந்தயத்திலும் விட்டால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்!

1949 ஜூன் 19. அமெரிக்காவில் சார்லட் நகரம். முக்கால் மைல் நீள முட்டை வடிவ மண் பாதை, 200 சுற்று. கடையில் வாங்கிய மேனிக்கே கார் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரே புழுதி! லீ பெட்டி ஓட்டிய இரவல் ப்யூக் குட்டிக்கரணம் போட்டது. 11 வயது மகன் ரிச்சர்டு பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவேளை, பெரிய காயமில்லை. ஆனால், கார் கொடுத்த புண்ணியவானுக்கு என்ன பதில் சொல்வது? ஊர் திரும்புவதுதான் எப்படி?

அன்று ஓட்டியவர்களில் ஸாரா கிறிஸ்டியன் என்ற பெண்மணியும் ஒருவர், தெரியுமோ? முதலில் வந்தவரின் காரில் பின் ஸ்பிரிங்கை மாற்றியிருந்தது அம்பலமாகவே, பரிசு ஜிம் ரோப்பருக்குப் போயிற்று.

பெட்டி அசரவில்லை. 1959-ல் டேடோனாவில் நடந்த முதல் 500 மைல் பந்தயத்தில் வாகை சூடினார். பிள்ளையாண்டான் ரிச்சர்டோ, பின்னாளில் 200 பந்தயங்களை ஜெயித்துவிட்டார்!