பரிசுப்பெட்டி விளையாட்டும் நம் பிள்ளைகளும்



ஒரு காலத்தில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மளிகைக் கடைகளில் ‘திக்காம்’ அட்டை தொங்கும். பிள்ளைகள் 5 காசோ 10 காசோ கொடுத்து, மடித்த சீட்டு ஒன்றைக் கிழிப்பார்கள். உள்ளே இருக்கும் எண்ணுக்கு ஏற்ற பரிசு கிடைக்கும். பெரும்பாலும் அது மிட்டாயாகவே இருக்கும். பெரிய பரிசோ கண்ணைப் பறித்தபடி தொங்கிக்கொண்டே இருக்கும்.

அந்த அட்டை இன்று கைத்தொலைபேசிக்குள் புகுந்துவிட்டது. விளையாட்டுகளில் மூடிய பெட்டி ஒன்றை விற்கிறார்கள். ‘லூட் பாக்ஸ்’ என்பது அதன் பெயர். பணம் கட்டித் திறந்த பிறகுதான் உள்ளே இருப்பது தெரியும். இதைப் போலவே செய்து காட்டும் போலிப் பெட்டி விளையாட்டுகளும் உண்டு. அவற்றில் பணம் கேட்பதில்லை. பிள்ளை பெட்டிகளைத் திறந்துகொண்டே இருக்கலாம். “காசு போகவில்லையே, இதில் என்ன கெடுதல்?” என்று நாம் கேட்கலாம். சற்றே சீர்தூக்கிப் பார்ப்போம்.

முதலில் தீமை. அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர் புறாக்களை வைத்து ஆராய்ந்தார். கொத்தும்போதெல்லாம் தீனி பெற்ற புறா, தீனி நின்றதும் விரைவில் ஓய்ந்தது. எப்போது தீனி வரும் என்று தெரியாமல் கொத்திப் பழகிய புறாவோ, தீனி நின்ற பின்னும் நெடுநேரம் கொத்தியது. பரிசுப்பெட்டியின் சூட்சுமமும் இதுவே. காசு போகாவிட்டாலும் பழக்கம் ஊறலாம். போலிப் பெட்டி பெரிய பரிசுகளைத் தாராளமாக அள்ளித் தந்தால், அதிர்ஷ்டம் எளிது என்றும் பிள்ளை நம்பிவிடலாம்.

இனி நன்மை. கணக்கறிவோடு விளையாடினால் இதே பெட்டி நல்ல ஆசானாகும். அதற்குத் தொலைபேசி தேவையில்லை. ஒரே அளவில் 20 காகிதத் துண்டுகளை வெட்டி, ஒன்றில் மட்டும் நட்சத்திரம் வரையுங்கள். எல்லாவற்றையும் மடித்துக் காலி மைலோ டின்னில் போடுங்கள். பிள்ளை ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் உள்ளே போட்டுக் குலுக்கட்டும். ஒவ்வொரு முறைக்கும் 1 ரிங்கிட் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும்.

20 முறை எடுத்தால் நட்சத்திரம் கட்டாயம் வரும் என்றே பிள்ளை எண்ணும். ஆனால் 100 பிள்ளைகள் இப்படி ஆளுக்கு 20 முறை எடுத்தால், ஏறக்குறைய 36 பேருக்கு ஒரு முறைகூட நட்சத்திரம் வராது என்கிறது கணக்கு. “இத்தனை தடவை வரவில்லை, அடுத்தது வந்தே தீரும்” என்பதும் தவறு. டின்னுக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு முறையும் வாய்ப்பு இருபதில் ஒன்றுதான். இத்தனை பெட்டிக்குப் பின் பரிசு நிச்சயம் என்று சொல்லும் விளையாட்டுகளும் உண்டு. அங்கே, அத்தனை பெட்டிக்கும் சேர்த்து என்ன விலை என்று பிள்ளையைக் கேளுங்கள். அந்தப் பணம் எத்தனை நாள் கூலி என்பதையும் அதுவே கணக்கிடட்டும்.

சில நாடுகள் இதில் சட்டத்தையே துணைக்கு அழைத்துள்ளன. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், பணம் கட்டித் திறக்கும் பெட்டிகள் சில விளையாட்டுகளில் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாக அறிவித்தது. ஆஸ்திரேலியாவில் 2024 செப்டம்பர் முதல், இத்தகைய பெட்டிகளை விற்கும் புதிய விளையாட்டுகள் 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஏற்றவையல்ல என்று தரம் பிரிக்கப்படுகின்றன. சூதாட்டக்கூட ஆட்டங்களைப் போலச் செய்து காட்டும் விளையாட்டுகளுக்கோ, காசு போகாவிட்டாலும், வயது வரம்பு 18.

நம் வீட்டில் செய்ய வேண்டியவை சிலவே. தொலைபேசியில் எதை வாங்கவும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்து, அதை நம்மிடமே வைத்துக்கொள்வோம். வங்கி அட்டை எண்ணை அதில் பதிந்து வைக்க வேண்டாம். வேலை முடிந்து வந்த களைப்பிலும், பிள்ளை என்ன விளையாடுகிறது என்று பக்கத்தில் அமர்ந்து பார்ப்போம். பிடுங்கி வைத்தால் பிள்ளை ஒளித்து விளையாடும். கணக்கைப் புரிந்துகொண்டால் தானே கையை எடுக்கும்.